குப்பையைத் தூரத்துக்கு அனுப்பும் நகரம்

'சுழல் பொருளாதாரம்' என்ற சொற்றொடர் அரசாங்கத்தின் கொள்கைப் பத்திரங்களிலும் கருத்தரங்குகளிலும் இப்போது அடிக்கடி உச்சரிக்கப்படுகிறது. எடுத்துப் பயன்படுத்தி எறிந்துவிடாமல், பயன்படுத்திய பொருளை மீண்டும் மீண்டும் உற்பத்திக்குள் கொண்டுவருவதே அதன் சாரம். பல தசாப்தங்கள் கொழும்பில் வாழ்ந்தவர்களுக்கு அதில் புதுமை எதுவும் இல்லை. பழைய போத்தல், பழைய பேப்பர் என்று கூவிக்கொண்டு தராசுடன் ஒழுங்கை ஒழுங்கையாக வந்தவர்கள் அந்தப் பொருளாதாரத்தைத்தான் நடத்தினார்கள். நாம் இரவிரவாகக் கண்விழித்து எழுதிய ஆசிரிய தலையங்கங்கள் ஒரு மாதம் கழித்து கிலோ கணக்கில் நிறுக்கப்பட்டு, வடையும் கடலையும் சுற்றப் பயன்பட்டன. பத்திரிகையாளனின் அகந்தைக்கு அதைவிடச் சிறந்த மருந்து கிடையாது. சோடா வாங்கப் போனால் வெறும் போத்தலைக் கொடுக்கவேண்டும். இல்லையேல் போத்தலுக்கும் சேர்த்துப் பணம் கட்டவேண்டும்.

அந்த வியாபாரிகள் ஒருபோதும் வாங்காத ஒன்று இருந்தது. சமையலறைக் கழிவு. வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலமும் நான்கு கோழிகளும் இருந்த காலத்தில் அது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. தொடர்மாடிகள் எழுந்து, வாழையிலையின் இடத்தை லஞ்ச் சீட் பிடித்த பிறகு, மீன் செதிலும் மரக்கறித் தோலும் சோற்றுப் பார்சலின் மிச்சமும் பொலித்தீன் பை ஒன்றுக்குள் முடிச்சுப் போடப்பட்டு வாசலுக்கு வந்தன. கொழும்பின் வீட்டுக் கழிவில் பாதிக்கும் மேற்பட்டது உக்கக்கூடிய இந்த ஈரக் கழிவுதான். மீள்சுழற்சி பற்றிய சகல பேச்சும் இந்த உண்மையில் இருந்தே தொடங்கவேண்டும் என்பது எனது அபிப்பிராயம். ஏனென்றால், குழம்பு படிந்த காகிதத்தையும் மீன் நாற்றம் பிடித்த பிளாஸ்டிக்கையும் எந்தப் பழைய பேப்பர்காரரும் வாங்கமாட்டார். ஈரம் சேர்ந்துவிட்டால் விலைபோகக்கூடிய பொருளும் குப்பையாகிவிடுகிறது.

அந்தக் கலவைக் குப்பையின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை நாடே பார்த்தது. புளூமெண்டால் குப்பை மேடு மூடப்பட்ட பிறகு, 2009ஆம் ஆண்டில் கொலன்னாவையை அண்டிய மீதொட்டமுல்லவில் தற்காலிக ஏற்பாடாகக் கொட்டத் தொடங்கிய குப்பை, ஏறத்தாழ 300 அடி உயர மலையாக வளர்ந்தது. அயலில் வாழ்ந்த வறிய மக்கள் வருடக்கணக்கில் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். காற்றுப் படாமல் அடியில் அழுகும் ஈரக் கழிவு மீதேன் வாயுவையும் கழிவுநீரையும் வெளியிட்டு மேட்டின் பிடிமானத்தையே இளக்கிவிடும். மழை பெய்தால் கேட்கவே தேவையில்லை. 2017 ஏப்ரில் 14ஆம் திகதி, தமிழ் – சிங்களப் புத்தாண்டு தினத்தன்று, அந்த மலை சரிந்து வீடுகளைப் புதைத்தது. முப்பதுக்கும் அதிகமானோர் பலியானார்கள். குப்பையில் புதைந்து சாவது என்பது எந்த மனிதனுக்கும் நேரக்கூடாத மரணம்.

அந்த அனர்த்தத்துக்குப் பிறகும் ஆட்சியாளர்களின் சிந்தனை 'இனி எங்கே கொட்டுவது' என்பதைத் தாண்டவில்லை. 2019ஆம் ஆண்டில், ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள புத்தளம் அறுவைக்காட்டுக்குக் குப்பையைக் கொண்டுசெல்லத் தொடங்கினார்கள். சுண்ணக்கல் அகழ்ந்த பழைய குழிகள் அங்கே இருந்தன என்பது காரணம். எங்கள் ஊர் தலைநகரின் குப்பைத் தொட்டியா என்று கேட்டு வீதிக்கு இறங்கிய புத்தளம் மக்களிடம் எவராலும் நியாயமான பதிலைக் கூற முடியவில்லை. 2021 பெப்ரவரியில் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் பிறப்பிக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குவித்து வைப்பதை விட அது மேல் என்பதை மறுக்கவில்லை. ஆனால், ஈரக் குப்பையை எரிப்பதென்றால் முதலில் அதை உலர்த்தவே வெப்பத்தின் ஒரு பகுதியைச் செலவிடவேண்டும். எரித்த பொருள் மீண்டும் சுழலப்போவதும் இல்லை.

அதே 2021ஆம் ஆண்டில் நடந்த இன்னொரு சங்கதியை இத்துடன் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் தடைசெய்தபோது, சேதனப் பசளைக்காக நாடு சீனாவை நாடியது. கப்பலில் வந்த அந்தப் பசளையின் மாதிரிகளில் தீங்கான பக்டீரியா இருப்பதாகக் கூறி அதை இறக்க அனுமதிக்காததும், இறுதியில் அந்தச் சீன நிறுவனத்துக்கு 60 இலட்சம் டொலர்களுக்கும் அதிகமாகக் கொடுக்கவேண்டி வந்ததும் நினைவிருக்கலாம். கொழும்பின் குப்பையைக் கூட்டெருவாக்கியிருந்தால் விவசாயிகள் தப்பியிருப்பார்கள் என்று நான் கூறவரவில்லை. நகரக் கூட்டெருவில் உள்ள நைதரசன் மிகவும் சொற்பம். அதனால் ஒரு நாட்டின் வயல்களைக் காப்பாற்றிவிட முடியாது. ஆனால், மண்ணுக்குப் போகவேண்டியதை மலையாகக் குவித்து மனிதரைப் பலிகொடுத்த ஒரு தேசம், உக்கிய பொருளை வாங்குவதற்குக் கப்பல் பிடித்த விந்தையைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. பலாங்கொடை போன்ற சிறிய நகரங்கள் பல வருடங்களாகவே வீட்டுக் கழிவில் கூட்டெரு தயாரித்து விற்றுவருகின்றன என்பது கவனிக்கத்தக்கது.

சட்டம் இல்லாமல் இல்லை. தரம்பிரித்த குப்பையை மாத்திரமே ஏற்பதென்ற விதி 2016 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. கொழும்பின் புறநகர் ஒன்றில் நான் குடியிருந்த ஒழுங்கையில் ஆரம்பத்தில் அனைவரும் ஒழுங்காகப் பிரித்து வைத்தார்கள். நாம் மூன்று பைகளில் கொடுத்ததை வந்த வண்டி ஒன்றாகவே வாரிக்கொண்டு போனது. சில வாரங்களில் எதிர்வீட்டு அம்மா, "தம்பி, அவங்களே கலக்கிறாங்கள், நாங்கள் ஏன் பிரிப்பான்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையில் பிரித்து வைத்த வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். மக்களுக்கு அறிவூட்டவேண்டும் என்று அதிகாரிகள் கூறும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் என் நினைவுக்கு வருகிறது.

ஜேர்மனியில் வாழும் எம்மவர்கள் வெறும் போத்தல்களைப் பையில் சேர்த்துக் கடைக்கு எடுத்துச் செல்வதை அறிவோம். ஒருதடவை பாவனைக்குரிய போத்தல் ஒன்றுக்கு 25 சென்ற் திரும்பக் கிடைக்கும் என்பதே காரணம். சுவிட்சர்லாந்தின் பெரும்பாலான நகரங்களில் குப்பைப் பைக்கே கட்டணம் உண்டு; பிரித்தால் பை சிறுக்கும், செலவும் குறையும். எமது ஆட்கள் குணம் மாறியதால் அங்கே பிரிக்கவில்லை. அங்கே பிரித்தால் இலாபம், கலந்தால் நட்டம். கொழும்பில் பழைய சோடாப் போத்தல் செய்ததும் அதுவேதான்.

கொழும்பிலும் கண்டியிலும் தலைமுறை தலைமுறையாகக் குப்பை அள்ளியவர்களில் பலர், அன்று தென்னிந்தியாவில் இருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர்களின் பிள்ளைகள். கண்டி மகியாவைக் குடியிருப்பு அதற்குச் சாட்சி. வண்டியில் ஏறிய குப்பையில் இருந்து அட்டையையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்கியெடுத்து விற்பவர்களும் துப்புரவுத் தொழிலாளர்கள்தான். பெரும்பாலும் கையுறைகூட இல்லாமல் அவர்கள் செய்யும் அந்த வேலையை எந்தக் கொள்கைப் பத்திரமும் தொழிலாக மதிப்பதில்லை. ஈரக் கழிவுக்கு ஒரு நாள், உலர்ந்த கழிவுக்கு வேறொரு நாள் என்று வண்டி தவறாமல் வந்து, உலர்ந்த பொருளின் விற்பனையில் அதை அள்ளும் தொழிலாளிக்கும் பங்கு கிடைக்குமானால், கலவைப் பையை வாசலிலேயே திருப்பிக் கொடுக்கும் முதல் ஆள் அவராகவே இருப்பார். அதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த உள்ளூராட்சி சபைகளுக்கு இரண்டு வருடங்கள் கழித்து, 2025 மே 6ஆம் திகதிதான் தேர்தல் நடந்தது. அதற்காக என் வீட்டுக்கு வந்த துண்டுப்பிரசுரங்கள் எல்லாவற்றிலும் குப்பை இருந்தது. தினமும் அகற்றுவோம் என்றார்கள். எங்கே, எப்படி என்று ஒருவரும் எழுதியிருக்கவில்லை.