மனோராஜ்யத்துக்கு ஒரு ராஜா

எந்நேரமும் தூங்குகிறவனைக் கும்பகர்ணன் என்கிறோம். அள்ளிக் கொடுப்பவர் கர்ணன். கலகம் மூட்டுகிறவர் நாரதர். ஆனால், உட்கார்ந்த இடத்திலேயே வேறொரு வீர வாழ்க்கை வாழ்ந்துவிட்டு எழுந்திருக்கும் ஆசாமிக்கு நம்மிடம் பெயர் இல்லை. மனக்கோட்டை, மனோராஜ்யம், பகற்கனவு என்று அவன் செய்யும் காரியத்துக்குத்தான் பெயர்கள்.

ஆங்கிலத்தில் அவனை வால்டர் மிட்டி என்பார்கள். ஜேம்ஸ் தர்பர் 1939-ல் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் எழுதிய சிறுகதையின் நாயகன் அவன். மனைவியைத் தலை அலங்காரம் செய்யும் கடையில் இறக்கிவிட்டு, தனக்கு ரப்பர்க் காலணியும் நாய்க்குப் பிஸ்கோத்தும் வாங்கப் போகிற பரம சாது. அந்த நேரத்துக்குள் புயலில் விமானம் செலுத்துகிறான். பெரிய டாக்டர்கள் திகைத்து நிற்க, தான் ரண சிகிச்சைக்குத் தயாராகிறான்.

நம் பஞ்சதந்திரத்து மாவுப் பானைப் பிராமணனும் கனவு கண்டவன்தான். ஆடு, மாடு, குதிரை, வீடு, பிள்ளை என்று கணக்குப் போட்டு, கனவிலேயே மனைவியை உதைக்கக் காலை வீசினான், பானை உடைந்தது. அவன் கண்டது லாபக் கணக்கு. மிட்டிக்கு லாபமே வேண்டாம்.

காலையில் ஆவடியில் மின்சார ரயில் ஏறும் ஒரு குமாஸ்தாவை நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் தயாரான விஜயந்தா டாங்கி 1965-ல் வெளிவந்த ஊர் அது. அம்பத்தூர் வருவதற்குள் அவர் ஒரு டாங்கிப் படையை நடத்துகிறார். கொரட்டூரில் எதிரி சரணடைகிறான். வில்லிவாக்கத்தில் சாப்பாட்டுப் பையோடு இறங்கி, வட்டிக் கடனும் பெண்ணின் பள்ளிச் சம்பளமும் காத்திருக்கும் உலகத்துக்குள் நடக்கிறார். எந்தப் பானை உடைந்தது, சொல்லுங்கள்?

வாங்காத பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு போர்க்கதை அளக்கும் போலிச் சிப்பாய்க்கும் பிரிட்டிஷ் ராணுவத்தார் மிட்டியின் பெயரைச் சுருக்கி 'வால்ட்' என்று வைத்திருக்கிறார்கள். இது அநியாயம். மிட்டி தன் வெற்றிகளை ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை; யாரையும் ஏமாற்றவில்லை.

ஊரை ஏமாற்றுகிறவனுக்குப் புளுகன் என்ற நல்ல தமிழ்ப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. வாய் திறவாமல் போரை வென்றுவிட்டு, நேரத்துக்கு ஆபீஸில் கையெழுத்துப் போடுகிறவரை இனி 'மனோராஜா' என்று அழைப்போமே. ராஜ்யம் எப்போதோ இருக்கிறது. ராஜாவுக்குத்தான் பெயர் வைக்க மறந்துவிட்டோம்.