கிறீம் டப்பாவுக்கு முதல் சீனிப் போத்தலைப் பார்ப்போம்



போன கிழமை இடைவேளை நேரம். ஆசிரியர் கலாசாலையில் எடுத்த எங்கட பழைய குறூப் போட்டோவை ஸ்டாஃப் ரூமில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொப்பி கொண்டு வந்த தரம் நாலுப் பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "இது உங்கட தங்கச்சியா டீச்சர்?" என்று கேட்டது. எல்லோரும் சிரித்தோம். பிள்ளை போன பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. எங்களில் ஒருவருக்கும் இன்னும் நாற்பது ஆகவில்லை.

கதை வழமைபோல கிறீமுக்குப் போனது. எங்களில் ஒரு டீச்சர் லேபல் இல்லாத வெள்ளையாக்கும் கிறீம் பூசி, கன்னம் எரிந்து, தோல் கிளினிக்குக்கு அலைந்தவர். அப்படியான கிறீம்கள் சிலதில் பாதரசம் இருக்கிறது. அவர்தான் சொன்னார்: "முகத்துக்குப் பூசுறதைப் பார்க்கிறம். வயிற்றுக்குள்ள போறதைப் பார்த்தமா?"

அங்கேயே கணக்குப் பார்த்தோம். சுபஹுக்குப் பிறகு ஒரு பிளேன்டீ, இடைவேளைக்கு ஒன்று, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒன்று, மஃரிபுக்குப் பிறகு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சீனி. மொத்தம் பன்னிரண்டு கரண்டி, கிட்டத்தட்ட 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் நிற்பது நல்லது என்கிறது. பணிஸ், சோடா, கலியாண வீட்டு வட்டிலப்பம் எல்லாம் இந்தக் கணக்கில் இல்லை. பிள்ளைகளுக்குப் போசணை படிப்பிக்கிறவர்கள் நாங்கள்!

தோலை இறுக்கமாக வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். இரத்தத்தில் கூடிய சீனி அதில் ஒட்டிக்கொண்டால், அது விறைத்து, வளைந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது. தோலின் கொலாஜன் பல வருஷம் இருக்கிற சாமான். ஒட்டினது லேசில் போகாது. நீரிழிவுக்காரருக்கு கிளினிக்கில் எடுக்கிற எச்பிஏ1சி பரிசோதனையும் இதே வேலையைத்தான் அளக்கிறது: சிவப்பணுவில் எவ்வளவு சீனி ஒட்டியிருக்கிறது என்று. இதைக் கேட்டதும் எங்களில் பலருக்கு உம்மாவின் கிளினிக் கொப்பி ஞாபகம் வந்தது. முகச் சுருக்கத்தை விட அதுதான் பயம்.

சீனி மட்டும் காரணமில்லை. வெயில்தான் தோலை முதிர வைப்பதில் முதலாவது. சிகரெட்டும் அப்படித்தான். ஆனால் கோப்பை எங்கட கையில் இருக்கிறது.

எங்கட உம்மம்மா ஆக்கள் சீனியை உள்ளங்கையில் வைத்து, தொட்டு நக்கித்தான் பிளேன்டீ குடித்தார்கள். ஒரு கரண்டியில் ஒரு கோப்பை முடியும். நாங்களும் இப்போது ஒரு கரண்டிக்கு வந்திருக்கிறோம். முதல் மூன்று நாளும் கசந்தது, பிறகு பழகிவிட்டது. ரோல்ஸுக்குப் பதிலாக வீட்டுக் கொய்யாப்பழம் கொண்டு வருகிறோம். கொலாஜன் உண்டாக விற்றமின் சீ வேண்டும், அது கொய்யாவில் தாராளம். சோடாப் போத்தலில் 2016 இலிருந்து நிற அடையாளம் இருக்கிறது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. பிள்ளைகளுக்கும் அதைப் பார்க்கப் பழக்குகிறோம்.

பெருநாளைக்கு வட்டிலப்பம் சாப்பிடுவோம், அதில் மாற்றமில்லை. போட்டோவில் இருந்த முகம் திரும்பி வராது என்றும் தெரியும். கிளினிக் கொப்பி எங்கட பேரில் எழுதப்படாமல் இருந்தால் அல்ஹம்துலில்லாஹ்.

இன்றைக்கு உங்கட வீட்டிலும் ஒருக்கா கரண்டியை எண்ணிப் பாருங்கள்.