பாட்டனாரின் புள்ளடி

வம்ச வரலாறு என்றால் பட்டயமும் பட்டமும் படைத்தவர்களின் பெருமைப் பேச்சு என்ற எண்ணம் எமக்கு நெடுநாளாக உண்டு. அதனை இன்றும் முற்றாகக் கைவிடவில்லை. ஆயினும், கரைத்தீவில் கடலையும் உப்பையும் நம்பி வாழ்ந்த எமது குடும்பத்துக்கும் முன்னோர் இருந்திருக்கத்தானே வேண்டும்? அவர்களை எந்த ஏட்டில் தேடுவது?

இக்கரையைப் பற்றி எழுதியவர்களுள் முதலில் நினைவுக்கு வருபவர், 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி. அவர் 1834இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இலங்கை விவரத் திரட்டு, ஊர்களை அகர வரிசையில் விவரிக்கிறது. ஊரை அறிய அது உதவும். ஊரில் வலை இழுத்தவனின் பெயரை அறிய உதவாது. அதற்கு ஆட்சியாளரின் கணக்கேடுகளிடம்தான் செல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஒல்லாந்தர் எழுதிவைத்த தோம்புகளில் காணியும் குடும்பமும் ஆள்வாரியாகப் பதிவாயின. வரியையும் ஊழியத்தையும் யாரிடம் அறவிடுவது என்று தெரியவேண்டுமல்லவா! கறப்பதற்காக எண்ணிய கணக்கையே பேரர்கள் இன்று குலவரலாறாகப் படிக்கிறார்கள்.

அமெரிக்காவின் கதையும் இதற்கு அயலானதன்று. நியூ இங்கிலாந்தில் குடியேறிய வெள்ளையரின் வழித்தோன்றல்கள் ஊர்ப் பதிவேடு, தேவாலய ஏடு, மரணசாசனம் ஆகியவற்றைப் பற்றிக்கொண்டு 17ஆம் நூற்றாண்டு வரை ஏறிச்செல்கிறார்கள். அடிமைகளின் வழிவந்தோருள் மிகப் பலர் 1870ஆம் ஆண்டுக் குடிசன மதிப்போடு முட்டி நின்றுவிடுகிறார்கள். 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உடையவனுக்குப் பெயர் உண்டு. அடிமைக்கோ வயது, பால், நிறம் என்பவைதாம். பெயர் எழுதப்பட்ட இடங்கள் மிக அரிது.

எமக்குக் கிடைத்ததும் ஓர் ஓரத்துப் பெயரே. பாட்டனாருக்கு ஒரு துண்டுக் காணியும் இருந்ததில்லை. பிறருடைய தென்னந்தோட்டம் கைமாறிய பழைய உறுதியொன்றில், சாட்சிகளின் வரிசையில், அவருடைய பெயரும் அருகில் ஒரு புள்ளடியும் கிடந்தன. இன்னாரின் மகன் என்று நொத்தாரிசு சேர்த்து எழுதியிருந்தார். அந்த 'இன்னாரை' எமது வீட்டில் எவரும் அறிந்திலர்! ஆகவே, காணி உறுதி கையில் கிடைக்கும் மாணவர்களுக்கு நாம் கூறுவது இது: விற்றவரையும் வாங்கியவரையும் விட்டு, நான்கு எல்லைகளையும் சாட்சிகளையும் முதலில் படியுங்கள். ஊர் அங்கேதான் இருக்கிறது.

இத்தேடல் ஏழைக்குப் பொழுதுபோக்காக வாய்ப்பதில்லை. இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே முறையாக நிலைபெறத் தொடங்கியது. இவ்வாண்டை மனத்திற் கொண்டு 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தைப் பாருங்கள். இங்கே பிறந்தவனேயானாலும், தந்தை இங்கே பிறந்ததைக் காட்டு. இயலாவிடில் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது அது. அன்று நாற்பது வயதான தோட்டத் தொழிலாளியின் பூட்டன் பிறந்த காலத்தில் பதிவாளர் ஏது, பத்திரம் ஏது? மலையகத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். எஞ்சியிருந்தோருக்கு வழிதிறந்த சட்டம் 2003இல்தான் வந்தது.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். 70,000க்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தனர். காணி உறுதியையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் எடுத்துவர இயலாதவர்கள் அவர்களுள் எத்தனையோ பேர். "மகன், வாப்பாட பேர் அந்தப் புத்தகத்தில இருக்கும்தானே?" என்று எம்மிடம் கேட்ட மூதாட்டிக்குக் குலப்பெருமை வேண்டியிருக்கவில்லை, மன்னாரில் விட்டுவந்த வளவு தம்முடையதென்று காட்ட வேண்டியிருந்தது. பிறந்த ஆண்டு சரியாகத் தெரியாவிடில் முன்பின் சில ஆண்டுகளையும் தேடுமாறு விண்ணப்பிக்க வேண்டும். ஊர்க் கச்சேரியில் ஏடு அழிந்திருந்தாலும் கொழும்பில் பிரதி இருக்கக்கூடும். இவற்றைச் சொல்லிக்கொடுக்க ஊருக்கு ஓர் ஆசிரியராவது முன்வரலாகாதா?

நெடுங்காலம் வழங்கிவந்த பிறப்புப் பத்திரத்தில் தந்தைவழிப் பாட்டனின் பெயருக்கும் பிறந்த ஆண்டுக்கும் இடம் உண்டு. தாயின் தாய்க்கு அதில் இடமில்லை. கரைத்தீவில் மாலை வேளைகளில் எம்மிடம் வரும் பிள்ளைகள், நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் அந்தக் கட்டத்தைக் கோடிட்டு, வீடுவீடாகச் சென்று பாட்டிமாரிடம் அவர்களுடைய தாய்மாரின் பெயர்களைக் கேட்டு எழுதிவருகிறார்கள்.