கன்றும் நாற்றும்

செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் பின்சுவரையொட்டி 12 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள மண்தரை ஒன்று இருக்கிறது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அங்கு நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. அந்த இடத்தில் மறுபடி ஒரு நிழல்மரம் நடுவதா, செண்டுமல்லிப் பாத்தி போடுவதா என்பதை வரும் ஞாயிற்றுக்கிழமை சொசைட்டிக் கூட்டம் முடிவு செய்யவிருக்கிறது. நான் வாடகைக்குக் குடியிருப்பவள்; கூட்டத்தில் எனக்கு வாக்கு இல்லை. வாக்குள்ள சிலர் இப்பக்கத்தை வாசிப்பவர்கள் என்பதால் என் கருத்தை இங்கே எழுதுகிறேன்.

செண்டுமல்லியின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். விதைத்த ஒரு வாரத்துக்குள் அது முளைக்கும். இரண்டு மாதங்களில் பூக்கும். ஆகஸ்டுத் தொடக்கத்தில் விதைத்தால் தசராவுக்குச் சொந்தத் தோட்டத்துப் பூவைக் கொண்டே தோரணம் கட்டலாம். அதன் கிளை முறிந்து எவருடைய காரின் மேலும் விழாது. மழைக்காலந்தோறும் மும்பையில் மரம் விழுந்து மனிதர் இறக்கும் செய்தி வருகிறது. ஆகவே அச்சம் வீணானது அன்று. செயலாளர் கூறும் இன்னொரு காரணமும் உண்டு. 1975ஆம் ஆண்டின் மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மரத்தை வெட்ட வேண்டுமானால் மர ஆணையத்தின் அனுமதி தேவை. “மரம் வைத்துவிட்டால் பிறகு நம் இஷ்டப்படி தொட முடியாது” என்கிறார். அவர் சொல்வது உண்மை. ஆனால், அவர் குறையாகக் காண்பதையே நான் மரத்தின் முதற்சிறப்பாகக் காண்கிறேன். அடுத்த ஆண்டு வேறொரு செயலாளர் வந்து அந்த இடத்தை வண்டி நிறுத்துமிடமாக மாற்ற நினைத்தால், செண்டுமல்லி அவரைத் தடுக்காது. மரம் தடுக்கும்.

தூங்குமூஞ்சி அயல்நாட்டு மரம், செண்டுமல்லி நம் பூ என்றும் ஒருவர் வாதிட்டார். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. செண்டுமல்லியின் தாயகம் மெக்சிகோவை ஒட்டிய நிலப்பகுதி. வந்த பின்னர் அதன் உருண்டை வடிவத்தைக் கண்டு நம் மொழிகள் பெயரிட்டுக்கொண்டன. கன்னடத்தில் செண்டு என்றால் பந்து, தெலுங்கின் ‘பந்தி’யும் பந்தே, இந்தியின் ‘கேந்தா’வுக்கு அருகில் பந்தைக் குறிக்கும் ‘கேந்த்’ நிற்கிறது. பழந்தமிழ்ச் ‘செண்டு’க்கும் பந்து என்ற பொருள் உண்டு. வந்த இடத்தில் வேரூன்றியதை ஊர் தன் பெயரால் அழைத்துக்கொள்கிறது. பிழைக்க வந்தோரின் பேத்தியான எனக்கு இந்தச் செய்தி பிடித்திருக்கிறது. ஆனால் பிறப்பிடத்தைக் கொண்டு மரத்தையும் பூவையும் தரம் பிரிக்க இயலாது.

மொழி வேறொரு வேறுபாட்டைக் காட்டுகிறது. செண்டுமல்லியை நாற்று என்கிறோம். பிடுங்கி நடுவதற்கென்றே வளர்ப்பது நாற்று. மரத்தின் இளமையையோ கன்று என்கிறோம். தென்னையாயின் பிள்ளை என்கிறோம். ஓரறிவுயிரின் இளமைக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து ஆகிய பெயர்கள் பொருந்தும் எனத் தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. செண்டுமல்லியை எவரும் பிள்ளை என்று அழைத்துக் கேட்டதில்லை. நம்மைக் கடந்தும் வாழப்போகும் ஒன்றையே பிள்ளை என்று அழைக்கத் தோன்றுகிறது.

பூச்செடியை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. தாராவியில், 90 அடிச் சாலைக்கு உட்புறச் சந்து ஒன்றில் வளர்ந்தவள் நான். என் ஆச்சி மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே பூக்கட்டி விற்றவர். எங்கள் வாசலில் பெயிண்ட் வாளி இரண்டும் எண்ணெய் டின் ஒன்றும் இருந்தன; கும்பார்வாடாவில் வாங்கிய விளிம்புடைந்த மண்தொட்டியும் ஒன்று. அவற்றில் துளசியும் செண்டுமல்லியும் நின்றன. செடியிலேயே காயவிட்ட பூவை உதிர்த்து ஆச்சி விதை எடுத்து வைப்பார். ஊரில் இருந்ததுபோல் ஒரு வேம்பு வைக்கலாமே என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன். “மரம் வைக்க நமக்கு ஏதுட்டி மண்ணு? பூவுன்னா வாளியோட தூக்கிட்டுப் போயிரலாம்லா” என்றார்.

செடி நூல்களில் படித்ததைவிட இந்தப் பதில் எனக்கு அதிகம் கற்பித்தது. நிழல்மரமா பருவப்பூவா என்ற கேள்வி, விருப்பத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும் உண்மையில் நில உரிமையைப் பற்றியது. அடுத்த ஆண்டு இவ்விடத்தில் இருப்போமா என்று அறியாதவர் மூன்று மாதப் பயிரையே வளர்ப்பார். அவருக்கு அதுவே அறிவுடைமை.

தாராவியிலிருந்து நடந்தே மாட்டுங்காவுக்குச் செல்லலாம். 1896இல் வந்த பிளேக் நோய்க்குப் பின், 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தாதர், மாட்டுங்கா பகுதிகளைத் திட்டமிட்டு உருவாக்கியது. அத்திட்டத்தில் பிறந்த பார்சிக் குடியிருப்பிலும் ஐந்து தோட்டங்களைச் சுற்றியும் சாலை போடும்போதே மரத்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். இன்று மே மாத நண்பகலில் அங்கு நடப்பவர் அந்த முடிவின் பயனை அனுபவிக்கிறார். தாராவிச் சந்துகளில் மரமில்லாமைக்கு மக்களின் அக்கறையின்மை காரணமன்று. வேர் இறங்க யாரும் இடம் ஒதுக்கவில்லை என்பதே காரணம். ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தாராவியை ஒட்டியே சான்று இருக்கிறது. மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவின் 37 ஏக்கரும் ஒருகாலத்தில் நகரின் குப்பைமேடு. 1983இல் பறவையியலாளர் சாலிம் அலி அங்கு முதல் மரக்கன்றை நட்டார். 1994இல் பூங்கா திறக்கப்பட்டது. குப்பையின் மேலேயே காடு வளர்ந்தது, அந்த நிலத்தை விட்டுவைத்ததால்.

எங்கள் சொசைட்டிக்கு நிலம் இருக்கிறது. பத்திரம் இருக்கிறது. அவ்வாறிருந்தும், நாளை வெளியேற்றப்படக்கூடியவரைப் போல மூன்று மாதப் பயிரை மட்டும் தேர்ந்தெடுப்பது எனக்கு வியப்பளிக்கிறது.

நிழல் யாருக்கு என்பதையும் கூட்டத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும். மாநகராட்சியின் கணக்கெடுப்பின்படி மும்பையில் சுமார் 29.75 லட்சம் மரங்கள் உள்ளன. 2011 மக்கள்தொகைக் கணக்கில் நகரின் மக்கள் 1.24 கோடி. நாலு பேருக்கு ஒரு மரம் என்ற அந்தச் சராசரியிலும் பூங்காக்களும் காடுகளும் அடக்கம். விழுந்த மரத்தடியில் காவலாளி நாற்காலி போட்டிருந்தார். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் ஒரு வீட்டுக்கும் மறுவீட்டுக்கும் இடையே அங்குதான் டப்பாவைத் திறந்து உண்டனர். பார்சல் கொண்டுவரும் இளைஞர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் நின்றனர். இவர்களில் ஒருவருக்கும் கூட்டத்தில் வாக்கில்லை. இப்போது அவர்கள் சுவரின் ஒடுங்கிய நிழலோடு நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். நண்பகலில் அந்த நிழலும் இல்லை. பூப்பாத்தியை நாம் பால்கனியிலிருந்து பார்த்து மகிழலாம். அதனடியில் ஒருவரும் உட்கார முடியாது.

இனி என் யோசனை. இரண்டில் ஒன்றைத் தள்ள வேண்டியதில்லை, வரிசைப்படுத்தினால் போதும். மழை தொடங்கியதும் நடுவில் ஒரு புங்கங்கன்றை நடுவோம். மராத்தியில் அதைக் கரஞ்ச் என்பர். இந்த மண்ணின் மரம். உப்புக்கலந்த கடலோர நிலத்தையும் தாங்கும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். இலையுதிர்த்தாலும் விரைவில் தளிர்த்துவிடும். சிமெண்டை அடிமரம்வரை கொண்டுபோய் இறுக்கிவிடாமல் சுற்றிலும் மண்ணை விட்டுவைப்போம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் தில்லி மரங்களுக்காக, அடிமரத்தைச் சுற்றி 1 மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்ற ஆணையிட்டது. நீரும் காற்றும் எட்டாத வேர், பெருங்காற்றில் மரத்தைப் பிடித்து நிறுத்தாது. மரம் விழுமென்று அஞ்சுவோர் முதலில் கேட்க வேண்டியது இந்த ஒரு மீட்டரைத்தான்.

கன்று நிழல் தரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை சுற்றியுள்ள மண்ணில் வெயில் நிறைய விழும். செண்டுமல்லிக்கு வேண்டியதும் அந்த வெயிலே. முதல் இரண்டு மூன்று தசராக்களுக்குப் பாத்தி நிறையப் பூ கிடைக்கும். பூவுக்கு ஊற்றும் நீரில் கன்றும் பிழைக்கும். பின்பு புங்கம் குடைவிரிக்க, நிழலில் செண்டுமல்லி நெட்டையாக வளர்ந்து பூக்குறையும். அப்போது அதைத் தொட்டிகளுக்கு மாற்றி வெயில்படும் வாசலில் வைக்கலாம்.

தசராத் தோரணத்தைப் பாருங்கள்: செண்டுமல்லியையும் மாவிலையையும் சேர்த்தே கட்டுகிறோம். பூவை ஆண்டுதோறும் விதைக்கலாம். இலைக்கு யாரோ ஒருவர் முன்பே மரம் நட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கை உயர்த்தும் உரிமையுள்ளவர்கள், அந்த உரிமை இல்லாதவர்களின் நண்பகலையும் நினைத்துக் கை உயர்த்துங்கள்.