பெயராசையில் பூத்த பூசணம்

புதிய இனம் என்று நான் உறுதியாக நம்பிய ஒரு காளான் இன்று எந்தப் பட்டியலிலும் இல்லை. காரணம் நான்தான்.

செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு குன்றின் அடிவாரப் புதர்க்காட்டில், ஐப்பசி மழை விட்ட காலையில் அதைக் கண்டேன். காசா மரத்தின் மக்கிய இலையொன்றில் ஏழெட்டு முளைத்திருந்தன. குடை சுண்டுவிரல் நகத்தளவு; வெளிறிய செம்பழுப்பு நிறம். தண்டு கறுத்து, மயிரளவே மெலிந்து, விறைப்பாக நின்றது. குடையைப் புரட்டினால் வெள்ளை மடிப்புகள், எண்ணிவிடக்கூடிய இடைவெளியில். மராஸ்மியஸ் பேரினம் என்பது பார்த்ததுமே தெரிந்தது. வெயிலில் சுருண்டு, மழை பட்டால் மறுபடி விரியும் வகை. ஆனால் கையிலிருந்த நூல்களில் எந்த இனத்தோடும் அது பொருந்தவில்லை.

அறிவியல் பெயருக்குப் பின்னால், முதலில் விவரித்தவரின் பெயர் நிற்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979இல் ஒரு புற்றுக்காளானை விவரித்து, பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைமின் பெயரால் டெர்மிடோமைசிஸ் ஹைமி என்று அழைத்தார். இன்றும் ஆய்வேடுகளில் அந்தப் பெயரோடு 'நடராஜன்' என்பதும் சேர்ந்தே வருகிறது. தென்னிந்தியக் காளான்களைப் பற்றித் தொடர்ந்து எழுதி, உழைத்துப் பெற்ற இடம் அது. அப்படியோர் இடத்தில் என் பெயரையும் பார்க்க ஆசைப்பட்டேன். ஆசை தவறில்லை. அதற்காகக் காளானை ஒளித்து வைத்தேனே, அதுதான் தவறு.

"தெரிஞ்சவங்ககிட்ட ஒரு தடவை காட்டிடுப்பா" என்றார் என் ஆசிரியர். "காட்டுறேன் சார்" என்றேன். காட்டவில்லை. அவர்கள் முந்திக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம்.

செய்ய வேண்டியது தெரியாமல் இல்லை. ஸ்போரை அளக்க வேண்டும். குடைத்தோலின் செல்கள் துடைப்பம்போலக் கிளைத்திருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். டிஎன்ஏவில் இனத்தை அடையாளம் காட்டும் ஐடிஎஸ் பகுதியை ஒப்பிட வேண்டும். மூல மாதிரியை ஹெர்பேரியம் என்னும் உலர்மாதிரிக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். 2013 முதல் பதிவு எண் இல்லாத புதுக் காளான் பெயர் செல்லாது. லத்தீனில் எழுதும் கட்டாயமும் 2012இலேயே போய்விட்டது, ஆங்கிலம் போதும். எனக்குச் சாக்கே இல்லை. தனியாகவே முடிப்பேன் என்று தள்ளிப்போட்டேன்.

சேகரித்த உயிரினம் பெயர் பெறச் சராசரியாக 21 ஆண்டுகள் ஆவதாக 2012இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் காப்பகத்தில் காத்திருக்கும் மாதிரியை இன்னொருவர் எடுத்துப் பார்க்கலாம். என்னுடையது மாமல்லபுரத்தில் என் வீட்டு அலமாரியில் அல்லவா பூட்டிக் கிடந்தது!

கடற்கரை வீட்டில் ஈரம் எதையும் விடாது. சிலிக்கா ஜெல்லை மாற்றவும் மறந்தேன். பெட்டியைத் திறந்தபோது இலை முழுக்கப் பச்சைப் பூசணம். தண்டுகள் தொட்டதும் பொடிந்தன. திரும்ப எடுத்து வரலாமென்று அடிவாரத்துக்கு ஓடினேன். புதரை வழித்து மனைக்கல் நட்டிருந்தார்கள். அது புதிய இனந்தான் என்று இனி யாராலும் நிரூபிக்க முடியாது. இல்லையென்றும் சொல்ல முடியாது.

காளான் தேடிப் போகும் தம்பி தங்கைகளே, எடுத்ததைக் காகித உறையில் போடுங்கள். நிறமும் மணமும் மாறுமுன் அன்றைக்கே குறிப்பெழுதுங்கள். உலர்த்தி ஹெர்பேரியத்தில் கொடுத்துவிடுங்கள். தெரிந்தவரிடம் தயங்காமல் காட்டுங்கள். இருவர் சேர்ந்து விவரித்தால் இருவர் பெயரையும் சேர்த்தே எழுதுவார்கள்.