பாடுவதும் பிடிப்பதும்



இராஜபாளையத்தில் அஸர் தொழுகைக்குப் பின் நம் மதரஸா மாணவர்கள் கபடி ஆடுவதைக் காண்பது நமது வழக்கம். சென்ற மாதம் திருவில்லிபுத்தூர் அணியிடம் அவர்கள் தோற்றனர். பாடிச் செல்வதில் வல்லவனான ஒரு மாணவன் பல புள்ளிகள் ஈட்டினான். எதிரணியினர் பாடி வருகையிலோ பிடிக்க முன்வராமல் ஓரமாய் நின்றான். அனைவர் முன்னிலையிலும் அவனைக் கடிந்துரைத்தோம். மறுநாள் அவன் பாடத்திற்கு வரவில்லை.

அன்றிரவு கபடியின் ஒழுங்கை எண்ணிப் பார்த்தோம். பாடுபவர் தனியே செல்கிறார். 30 விநாடிகளுக்குள், கபடி எனும் சொல் அறாமல், தம் எல்லைக்குத் திரும்பிவிட வேண்டும். பிடிப்பவர்கள் ஒருவரையொருவர் சார்ந்து நிற்கின்றனர். பாடுபவரின் வாயைப் பொத்துவதும் ஆடையைப் பற்றி இழுப்பதும் அவர்களுக்குத் தடை. தாக்குதலுக்கும் தடுப்புக்கும் வரம்பு உண்டு. நாமோ நாவால் பாடிச் சென்று, திரும்பும் கோட்டை மறந்தோம். மற்போரில் வீழ்த்துபவன் அல்லன், கோபத்தில் தன்னை அடக்குபவனே வலியவன் எனும் கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதை வகுப்பில் கற்பித்தவர்களும் நாமே.

அவன் இல்லம் சென்று மன்னிப்புக் கோரினோம். “ஒருமுறை பிடிக்கும்போது தோள் விலகிவிட்டது, ஹஜ்ரத். அதனால் பயம்” என்றான். காரணத்தை நாம் கேட்டதேயில்லை.

இப்போது அவன் தோழனோடு கைகோத்துப் பிடிக்கப் பழகுகிறான். நாம் நாவைப் பிடிக்கப் பழகுகிறோம். பெற்றோரே, பிள்ளைகளைக் கடியுமுன் காரணம் கேளுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் பொறுமையை அருள்வானாக, ஆமீன்.