ஆடிச் சந்தையில் ஒரு ஜெல் துப்பாக்கி!

ரெட்ஹில்ஸ்ல பஸ் ஏறுங்க. காரனோடை பாலம் தாண்டி, கொல்கத்தா ஹைவேயில் ஜனப்பன்சத்திரம் கூட்ரோடு வரும். அங்கே இடது பக்கம் திரும்பினா மஞ்சங்காரணை, கன்னிகைப்பேர்னு வரிசையா ஊருங்க. ஜன்னல் சீட் கிடைச்சா வயக்காட்டுக் காத்து ஃப்ரீ. கண்டக்டர் ‘கோயில் எல்லாம் இறங்கு’ன்னு குரல் கொடுத்தா, அதுதான் பெரியபாளையம். இறங்கின உடனே மூக்குக்குள்ள ஏறுறது வேப்பிலை வாசம்!

ஆரணியாற்றங்கரையில பவானி அம்மன் கோயில். ஆடி மாசம் ஆரம்பிச்சா வாரா வாரம் திருவிழாதான். மொத்தம் 14 வாரம். சென்னையில இருந்தும், பக்கத்துலயே இருக்குற ஆந்திராவுல இருந்தும் சனம் குடும்பத்தோட வந்து இறங்கும். வேப்பஞ்சேலை கட்டி வலம் வர்றவங்க ஒரு பக்கம், மொட்டை போட்டு சந்தனம் தடவின வாண்டுகள் இன்னொரு பக்கம், ஆத்து மணல்ல பொங்கல் வைக்கிற புகை எல்லாப் பக்கமும். தமிழும் தெலுங்கும் கலந்து பேரம் நடக்கும். ஒரு கையில வளையல், இன்னொரு கையில பொரி பாக்கெட்... தரிசனம் முடிச்சிட்டு அப்படியே பொம்மைக் கடை வரிசைக்கு வாங்க. நம்ம மேட்டர் அங்கதான் இருக்கு!

முன்னாடியெல்லாம் இந்த வரிசையில ரோல் கேப் துப்பாக்கி, தண்ணி பீச்சுற துப்பாக்கி, ஓரமா பலூன் சுடுற கடை... அவ்வளவுதான். இப்போ கலர் கலரா, நீளம் நீளமா புதுசா ஒண்ணு தொங்குது. பெயர் ஜெல் கன். கடையில விசாரிச்சேன்.

‘அண்ணா, இது எத்தனை வோல்ட்?’

‘வோல்ட்டெல்லாம் தெரியாது தம்பி. சார்ஜ் போட்டா ஓடும்.’

‘எவ்ளோ தூரம் போகும்ணா?’

‘எதிர்க் கடை வரைக்கும் போகும். அடிச்சுக் காட்டவா?’

எதிர்க்கடை அக்கா முறைச்ச முறைப்புல, அண்ணன் துப்பாக்கியைக் கீழே வெச்சுட்டார். சரி, அவருக்குத் தெரியாத வோல்ட்டை நாம பார்ப்போம். பாக்கெட் மணியைக் கொண்டுபோய்க் கொட்டுறதுக்கு முன்னாடி ஒரு குட்டி லெக்சர்... அட்டெண்டன்ஸ் எல்லாம் கிடையாது, பயப்படாதீங்க!

உள்ளே என்னதான் இருக்கு?

வெடிமருந்து கிடையாது. கேஸ் சிலிண்டரும் கிடையாது. விசையை அழுத்தினா பேட்டரி மோட்டாரைச் சுத்தும். மோட்டார் பல்சக்கரத்தைச் சுத்தும். சக்கரம் பிஸ்டனைப் பின்னாடி இழுத்து ஸ்பிரிங்கை அமுக்கும். சக்கரத்துல பாதி பக்கம் பல் இருக்காது. அந்த இடம் வந்ததும் பிஸ்டன் விடுபட்டு முன்னாடி பாயும். அது தள்ளுற காத்துதான் ஜெல் உருண்டையை வெளியே அனுப்புது. நம்ம சைக்கிள் பம்ப்போட பணக்காரச் சொந்தக்காரன்னு வெச்சுக்கங்க.

குண்டுங்கிறது தண்ணி குடிச்சுப் பெருத்த பாலிமர். காய்ஞ்ச நிலையில கடுகைவிடக் கொஞ்சம் பெருசு. நாலு மணி நேரம் தண்ணியில ஊறினா 7 மில்லிமீட்டருக்கு மேல வளர்ந்துடும். பட்டா தெறிச்சு உடைஞ்சிடும். கறை இல்லை, பெயிண்ட்பால் மாதிரி சட்டை நாசமாகாது. சீனாவுல பொம்மையா ஆரம்பிச்சு, ஆஸ்திரேலியாவோட குவீன்ஸ்லாந்துல பெரிய பசங்க டீம் பிரிச்சு ஆடுற ஆட்டமா வளர்ந்த சமாச்சாரம் இது.

முதல் துப்பாக்கி... எதைப் பார்த்து வாங்கணும்?

கடையில மூணு ரகம் பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் கையால இழுத்து விடுற ஸ்பிரிங் ரகம் ஒண்ணு. தலைமேல பாட்டில் கவிழ்த்த எலெக்ட்ரிக் ரகம் ரெண்டாவது. கீழே மேகஸின் மாட்டுற நீள ரகம் மூணாவது. பாட்டில் ரகத்துல ஜெல் தானா விழுந்தாத்தான் உண்டு. சாய்ச்சுப் பிடிச்சா ‘டக் டக்’னு வெறும் காத்துதான் வரும். மேகஸின் ரகத்துல ஜெல்லை மேலே தள்ள உள்ளேயே குட்டி மோட்டார் இருக்கும். கத்துக்கத்தான்னா கையால இழுக்கிற ரகமே போதும்: பேட்டரி தொல்லை இல்லை, ரிப்பேரும் கம்மி. குரூப்பா ஆடத்தான்னா மேகஸின் ரகம்.

பெட்டியை வாங்கிக் கையில பிடிச்சு இந்த நாலையும் பாருங்க. பேட்டரி 7.4 வோல்ட்டா? அப்படீன்னா ரெண்டு லித்தியம் செல். ஆரம்பத்துக்கு அதுவே சரி. உள்பேரல், மேகஸின், பேட்டரி தனித்தனியா கழட்ட வருதா? ஒட்டி மூடியிருந்தா நாளைக்கு ரிப்பேரும் பண்ண முடியாது, மாத்தவும் முடியாது. உதிரி மேகஸின் கிடைக்குமா? முதல்ல உடையுறது அதுதான். கடைசியா, கூட வர்ற கண்ணாடி. விரலால அழுத்தினா வளையுற கண்ணாடின்னா அதை நம்பி யார் முன்னாடியும் நிக்காதீங்க.

இன்னொண்ணு. 14 வயசுக்கு உட்பட்ட பிள்ளைங்க விளையாடுற பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்னு 2021 ஜனவரி 1 முதல் சட்டம் இருக்கு. தம்பி, தங்கச்சிக்கு எதை வாங்கினாலும் அந்த முத்திரையைத் தேடிப் பார்த்துட்டுக் காசை எடுங்க.

முதல் அப்கிரேடு... ஒரு கேன் தண்ணி!

துப்பாக்கி வாங்கின மறுநாளே நம்ம பசங்க கேட்கிற முதல் கேள்வி, ‘மச்சி, 11.1 வோல்ட் பேட்டரி போட்டா வேகமா அடிக்குமாடா?’ அடிக்காது மாமே! உருண்டை எவ்வளவு வேகத்துல கிளம்பும்னு முடிவு பண்றது ஸ்பிரிங்கும், காத்து கசியாத சீலும். வோல்ட்டைக் கூட்டினா மோட்டார்தான் வேகமா சுத்தும்; நிமிஷத்துக்கு எத்தனை உருண்டைங்கிற கணக்குதான் ஏறும். பிளாஸ்டிக் பல்சக்கரம் அதைத் தாங்காம பல் கொட்டிடும். பழைய யூ.எஸ்.பி. சார்ஜர்ல மூணு செல் பேட்டரியை மாட்டினா ஆபத்தும் சேர்ந்து வரும்.

அப்போ எதுல கை வைக்கணும்? தண்ணியில! சிரிக்காதீங்க, இது பெரியபாளையம் ஏரியாவுக்கே உரிய பாடம்.

நீங்க பஸ்ல தாண்டி வந்தீங்களே கன்னிகைப்பேர்... அது சென்னை மெட்ரோ வாட்டருக்குத் தண்ணி கொடுத்த கிணத்துப் படுகைகள்ல ஒண்ணு. தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, பூண்டி, மீஞ்சூர்னு ஆரணியாறும் கொசஸ்தலையாறும் ஓடுற இந்தப் பகுதி முழுக்க மண்ணுக்கடியில தண்ணி. அதை எடுத்து எடுத்து, கடலோரம் இருக்குற மீஞ்சூர் பக்கம் 1970-களிலேயே கடல்தண்ணி நிலத்தடியில உள்ளே வந்துடுச்சு. பெரியபாளையம் கடலை விட்டு ரொம்ப உள்ளே இருக்கு, அந்தக் கதை இங்கே இல்லை. ஆனா இந்தப் பகுதி முழுக்கவே போர் தண்ணி ஊருக்கு ஊர் ருசி மாறும். ஒரு தெருவுல குடிக்கலாம், அடுத்த தெருவுல சோப்பு நுரைக்காது.

அதுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்? ஜெல்லோட பாலிமர் சங்கிலியில ஒரே வகை மின்சுமை வரிசையா இருக்கும். ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு விரியுறதாலதான் அத்தனை தண்ணி உள்ளே போகுது. தண்ணியில உப்போ, கால்சியமோ இருந்தா அந்தத் தள்ளல் அடங்கிடும். உருண்டை முழுசா வளராது. பேரல் உள்விட்டம் 7.5 மில்லிமீட்டர்னு வெச்சுக்குவோம். அதுல 6.5 உருண்டை போட்டா காத்தெல்லாம் ஓரமா ஓடிடும். குண்டு எங்கேயோ போகும். நீங்க ‘சீப் துப்பாக்கி’ன்னு அதைத் திட்டுவீங்க. பாவம், அது என்ன பண்ணும்?

சோதிக்கணுமா? ஹாஸ்டல் குழாய் தண்ணியில பத்து உருண்டை, கேன் தண்ணியில பத்து உருண்டை. நாலு மணி நேரம் ஊறவிட்டு, ஃபர்ஸ்ட் இயர்ல வாங்கி மூலையில போட்ட வெர்னியரை எடுத்து அளங்க. தண்ணி உப்பா இருந்தா வித்தியாசம் அங்கேயே தெரியும். நம்பலைன்னா ஊறின உருண்டை மேல ரெண்டு ஸ்பூன் உப்பைப் போட்டுப் பாருங்க. குடிச்ச தண்ணியை எல்லாம் கக்கிட்டுச் சுருங்கும்!

பிறகு வரிசையா இதுங்க...

பேரல் ரெண்டாவது. உங்க ஜெல் எத்தனை மில்லிமீட்டர்னு தெரிஞ்ச பிறகு, அதைவிட மயிரிழை பெரிய உள்விட்டத்துல நேரான உலோகப் பேரல். மூணாவது பிஸ்டன் தலையில இருக்குற ஓ-ரிங். தேய்ஞ்சிருந்தா மாத்திட்டுக் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவுங்க. ஓ-ரிங்கோட விலை டீ காசுதான், கிடைக்கிற பலன் பெருசு. நாலாவது, பல்சக்கரம் கொட்டினா மட்டும் உலோகச் சக்கரம். இது நாலும் முடிஞ்சாலே 15, 20 மீட்டர்ல குறி வெச்ச டப்பாவை அடிக்கலாம்.

ஸ்பிரிங்? அதை ஏன் கடைசியில வெச்சிருக்கேன்னா... ஒரு சின்ன கணக்கு. 7.3 மில்லிமீட்டர் உருண்டை ஏறக்குறைய 0.2 கிராம். விநாடிக்கு 60 மீட்டர் வேகத்துல போனா அதோட ஆற்றல் 0.36 ஜூல். ஸ்பிரிங்கை மாத்தி 90 மீட்டர் ஆக்கினீங்கன்னா 0.81 ஜூல். வேகம் ஒன்றரை மடங்குதான் ஏறிச்சு. அடி ரெண்டே கால் மடங்கு ஏறிடுச்சு! தூரமாவது அதே அளவுக்கு ஏறுமா? மாட்டேங்குது. இவ்ளோ லேசான உருண்டையைக் காத்தே சீக்கிரம் பிரேக் போட்டுடும். ஆக, கூடுதல் அடி முழுக்க விழப்போறது கிட்டத்துல நிக்கிற உங்க ஃப்ரெண்டு மேல. தோல் தாங்கிடும். கண்?

கண்ணுக்கு உதிரிபாகம் கிடையாது பாஸ்!

இந்த இடத்துல மட்டும் காமெடி வேணாம். 2022-ல அமெரிக்காவுல வீடியோ எடுக்கிறதுக்காகத் தெருவுல போறவங்க மேல ஜெல் கன்னால அடிக்கிற மோகம் பரவிச்சு. ஊர் ஊரா போலீஸ் எச்சரிக்கை விட்டாங்க. நியூயார்க் நகரத்துல வெச்சிருந்தாலே தப்பு. தெற்கு ஆஸ்திரேலியாவுல 2020 அக்டோபர்ல இதை நிஜத் துப்பாக்கிக் கணக்குல சேர்த்தாங்க. தாராளமா ஆடுற குவீன்ஸ்லாந்துலயே 2021 பிப்ரவரியில இருந்து பூட்டி வைக்கணும், பொது இடத்துல காட்டிக்கிட்டுத் திரியக் கூடாதுன்னு விதி. நம்ம நாட்டுல 2025 தீபாவளிக்கு மத்தியப்பிரதேசத்துல கார்பைடு துப்பாக்கின்னு ஒண்ணு வந்துச்சு. அது வேற ஐட்டம், வெடிக்கிற ரகம். ஆனா அதையும் பொம்மைன்னுதான் வாங்கினாங்க. பல பிள்ளைங்களுக்குப் பார்வை போச்சு.

பெரியபாளையம் சந்தையில இதை யோசிச்சுப் பாருங்க. தோளோட தோள் உரசுற கூட்டம். கறுப்புக் கலர்ல நீளமா ஒண்ணைத் தோள்ல மாட்டிக்கிட்டு நீங்க நடந்தா, பத்தடி தூரத்துல பந்தோபஸ்துல இருக்குற போலீஸ்காரருக்கு அது பொம்மைன்னு எப்படித் தெரியும்? நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கறதை வாங்காதீங்க. பளிச் கலர் வாங்குங்க, ஆரஞ்சு முனை இருந்தா கழட்டாதீங்க. வாங்கினதைப் பெட்டியோடவே பையில போட்டு ஊருக்குக் கொண்டு போங்க.

ஆத்து மணல்ல ட்ரையல் பார்க்கிற ஐடியாவும் வேணாம். அங்கே அடுப்பு எரியுது, பாட்டி தூங்குறாங்க, தவழுற குழந்தைங்க இருக்கு. சிதறின ஜெல் உருண்டை அதுங்களுக்கு மிட்டாய் மாதிரி தெரியும். முழுங்கினா வயித்துக்குள்ள போயும் வீங்கி, குடலை அடைச்சிடும். அமெரிக்காவுல 2023-ல ஒரு குழந்தை இறந்த பிறகு, அந்த டிசம்பர்லயே பெரிய கடைகள் குழந்தைங்களுக்கான ஜெல் உருண்டை விற்பனையை நிறுத்திட்டாங்க.

அப்போ எங்கேதான் ஆடுறது? மதில் சுவர் இருக்குற இடம், இடத்துக்காரரோட அனுமதி, ஆடுற எல்லாருக்கும் மூக்கு வாய் வரைக்கும் மூடுற மாஸ்க், வேடிக்கை பார்க்கிறவனுக்கும் கண்ணாடி. இது நாலும் இருந்தா ஆட்டம். ஒண்ணு குறைஞ்சாலும் அன்னிக்கு கேரம் போர்டுதான்!

கடைசி பெஞ்சுக்கு மட்டும்...

* பட்ஜெட்ல முதல் செலவு நல்ல கண்ணாடி. மிச்ச காசுல துப்பாக்கி.

* ஊறின ஜெல்லை அன்னிக்கே காலி பண்ணுங்க. மிச்சத்தை வெயில்ல காயவெச்சுக் குப்பைத்தொட்டியில போடுங்க. சிங்க்ல கொட்டினா பைப் அடைக்கும், ஆத்துல கொட்டினா பாவம் சேரும்.

* ஆட்டம் முடிஞ்சதும் பேட்டரியைக் கழட்டுங்க. தூங்கும்போது சார்ஜ் போடாதீங்க.

* பெரியபாளையம் போறவங்க ஆடி ஞாயித்துக்கிழமையைத் தவிர்த்தா கடைக்காரர் நிதானமா பேசுவார், பேரமும் படியும். கூட்டமே வேணும்னா ஞாயித்துக்கிழமைதான்!

போயிட்டு வாங்க. துப்பாக்கி வாங்காட்டியும் பரவாயில்லை, ரெண்டு பாக்கெட் பொரியும் வேப்பிலை வாசமும் நிச்சயம் கிடைக்கும்.